ஒரு நல்ல வேனை மட்டம் தட்டும் கதை

1
இந்தக் கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டக் கற்ற நான் முழுசாக எழுதி முடித்த முதல் உருப்படி அதுதான். பக்கத்து வீட்டுப் பெயின்டருக்காக எழுதினேன். அவர் ஏணி சரிந்து ஒரு கடைக் கண்ணாடி நொறுங்கியது. கடைக்காரர் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஈடு கொடுக்க வழியில்லை. வேனை ஜப்தி செய்ய உத்தரவு. வேன் போனால் வேலை போச்சு, வேலை போனால் அடுப்பு அணைஞ்சு போச்சு.

2
தொடக்கம்: அன்று காலை வானம் செக்கச்செவேலென்று—

(வேண்டாம். வானத்தை யாரும் ஜப்தி செய்ய வரவில்லை.)

வேறு தொடக்கம்: சட்டத்தில் ஓர் இடுக்கு உண்டு. பிழைப்புக்கான வண்டி அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்றால் அதைத் தொடமாட்டார்கள். நல்ல வண்டிக்காரன் நடக்க வேண்டும். ஓட்டை வண்டிக்காரன் ஓட்டிக்கொள்ளலாம். ஆகவே, "என் வேன் குதிரைடா" என்று பத்து வருடமாகத் தெருவெல்லாம் பீற்றிய பெயின்டர், அது நொண்டிக் கழுதை என்று மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியதாயிற்று.

3
வண்டியை மதிப்புப் போடக் கோர்ட் அமீனா வருவதற்கு முந்தின நாள், பெயின்டர் வேன்மேல் சேற்றை அள்ளி அப்பினார். விடிந்து பார்த்தால் வேன் பளபளக்கிறது.

"யாருடி கழுவினது?"

"நான்தான். கோர்ட்டுலேருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. அழுக்கா நின்னா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"குடியக் கெடுத்தியே!"

"சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கேன், பாத்தீங்களா?"

(உறையை யாரும் நம்பமாட்டார்கள் என்று அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் மனைவி வாசித்துவிட்டு, "நாலு நாள் ஒக்காந்து தைச்சது, எழுதுங்கண்ணே" என்றார். எழுதிவிட்டேன்.)

4
அமீனா வேனைச் சுற்றி வந்தார். "வண்டி ஜம்முனு இருக்கே?"

"மேல்பூச்சு சார். உள்ள பொணம்."

"ஸ்டார்ட் பண்ணுங்க."

பெயின்டர் சாவியைக் காணோமென்று தடவினார். மனைவி ஓடிப்போய் எடுத்து வந்து நீட்டினார். வேன் உறுமியது.

"சத்தம் நல்லாத்தானே இருக்கு?"

"சாகப்போறப்ப வர்ற முனகல் சார் அது."

5
முடிவு அ: அமீனா சிரித்துவிட்டு— (சிரிக்கவில்லை.)

முடிவு ஆ: பெயின்டர் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு... (எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அமீனா தெருவைப் பார்த்துக் கூப்பிட்டார்: "தினம் பாக்குறவங்க ஒருத்தர் வாங்க. இது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? சொல்லிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க."

மனு எழுதியவன் சாட்சி சொல்லக்கூடாதாம். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதுவரை கூடவே நின்று பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். பெயின்டர் உங்களைப் பார்த்துக் கும்பிடுகிறார். அவருக்குப் பின்னால் நின்று மனைவி கிசுகிசுக்கிறார்:

"நல்ல வண்டின்னு சொல்லுங்க."