ஏழாம் எண் டம்ளர்

அக்காவின் வீட்டை வாங்கியவர், கார் நிறுத்துவதற்காகக் கொல்லையிலிருந்த அத்தி மரத்தை வெட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அவளே நட்டு வளர்த்த மரம். வெட்டுவதற்கு முதல் நாள், வீடு மாறும் அமளிக்கு நடுவே, அதிலிருந்து ஒடித்த பன்னிரண்டு குச்சிகளை ஈரத்துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒண்ணாவது பொழைக்கணும்டா. நாளைக்கு மரம் இருக்காது."

எனக்குச் செடி வளர்த்துப் பழக்கமில்லை. ஆனால் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வேன். பன்னிரண்டு பிளாஸ்டிக் டம்ளர்களின் அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, குச்சிகளை நட்டு, எண் ஒட்டி, பாலித்தீன் பையால் மூடிக் குளியலறை ஜன்னலோரம் வைத்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு குச்சியையும் உருவிப் பார்ப்பேன். வேர் இருக்காது. நோட்டில் 'இல்லை' என்று எழுதி, திரும்பச் செருகித் தண்ணீர் ஊற்றுவேன்.

இரண்டாம் வாரம் நாற்றம் தொடங்கியது. மூன்றாம் எண்ணை உருவியபோது பட்டை மட்டும் கழன்று விரலோடு வந்தது. உள்ளே சளி மாதிரி வழவழப்பு. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும், சோற்றைப் பிசையும்போது அந்த வாடை அடித்தது. பல் துலக்கும் பிரஷ்ஷில் பொடி ஈக்கள் உட்கார்ந்தன.

"நீங்க குளிச்சிட்டு வர்றீங்களா, அழுகிட்டு வர்றீங்களா?" என்றாள் மனைவி.

எல்லாவற்றிலும் மோசம் ஏழாம் எண். நட்ட மறுநாளே ஓடில்லாத நத்தை ஒன்று அந்த டம்ளரில் குடியேறி, பை முழுக்கக் கோழையை இழுத்து வைத்திருந்தது. பார்த்தாலே குமட்டும். அன்றிலிருந்து அதை மட்டும் நான் தொடவில்லை. நோட்டில் கோடு போட்டுவிட்டேன்.

ஒரு மாதத்தில் மற்றப் பதினொன்றும் அழுகிவிட்டன. ஒன்றை எடுத்துக்கொண்டு நாற்றுப் பண்ணைக்காரரிடம் போனேன்.

"தெனமும் உருவிப் பாத்தீங்களா?"

"வேர் விட்டுச்சான்னு தெரிய வேண்டாமா?"

"சார், இது தோட்ட வேலை இல்ல, போஸ்ட்மார்ட்டம். நூல் மாதிரி வேர் கெளம்பும்போதே பிச்சுப் போட்டிருக்கீங்க. போதாததுக்குத் தண்ணி வேற."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். புது வீட்டு வாசலில் குழி தோண்டி வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் குளியலறையைக் காட்டினேன். அவள் ஏழாம் எண்ணருகே குனிந்தாள்.

"இதுல ஏதோ இருக்கே?"

"அதத் தொடாதக்கா, அசிங்கம்!"

வெறுங்கையால் பையைக் கிழித்தாள். நத்தையை விரலால் ஜன்னலுக்கு வெளியே சுண்டினாள். உள்ளே இரண்டு பச்சை இலைகள். டம்ளரின் அடித் துளையில் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன.

"இத மட்டும் எப்படிடா பொழைக்க வச்ச?"

"தொடவே இல்ல. அருவருப்பா இருந்துச்சு."

"மத்தது பதினொண்ணும் உனக்கு அசிங்கமாத் தெரியாமப் போச்சே!" என்று சிரித்தபடி, கோழை பிசுபிசுத்த கையை என் சட்டையில் துடைத்துவிட்டு, டம்ளரை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

சட்டையைக் கழற்றி வாளியில் போட்ட பிறகுதான் நோட்டைத் திறந்தேன். ஏழாம் எண்ணுக்கு எதிரே 'உண்டு' என்று எழுதினேன். விரலை முகர்ந்து பார்த்தேன். அதே வாடை.