பதினாலும் பதினஞ்சும்

மயில்சாமியின் துணிப்பையை அன்றைக்கு யாராவது தூக்கிப் பார்த்திருந்தால், அவன் வீட்டில் கருங்கல்லைத்தான் ஆக்கிப் போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பைக்குள் தூக்குப்போசி இருந்தது. போசிக்குள் சோறு இல்லை, உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பல்சக்கரம் இருந்தது. மூன்று வருஷமாகப் பரணில் பழைய பாய்க்குள் கிடந்த சாமான். அந்த வீட்டில் பெண்டாட்டி பாவாத்தாளுக்குத் தெரியாமல் இருந்த ஒரே பொருள் அதுதான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கிணத்தடி மில் மூடியது ஐம்பத்தொன்பதில். முதலாளிகளான அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போக, மில் புறாக்களுக்குப் போயிற்று. கடைசி ஷிப்ட் அன்று ஒரு பேச்சு கிளம்பியது. நாளைக்கே லாரி வரும், மிஷின்களை ஏற்றிக்கொண்டு போய் வடக்கே விற்றுவிடுவார்கள் என்றார்கள். மயில்சாமி நூல் நூற்கிற மிஷின்களில் பதினாலாம் நம்பர் ரிங் ஃபிரேமில் சைடர். அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டே மிஷின் ஓரமாகப் பதினொரு வருஷம் நடந்தவன். நேராக நடந்திருந்தால் காசியைத் தாண்டியிருப்பான், மிஷின் ஓரமாகவே நடந்ததால் மில்லிலேயே இருந்தான். அவனுக்கு அன்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யோசனை வந்தது. பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் கதிர் சுற்றும், நூல் வராது. நூல் வராத மிஷினை எவன் வாங்குவான்? கழற்றிவிட்டான்.

லாரி வரவில்லை. மில்லைத் தான்தான் பிடித்து நிறுத்தியிருப்பதாக மயில்சாமி நம்பினான். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை சுமந்துவிட்டு வெள்ளை வெள்ளையாக இருமும்போதுகூட அந்த நம்பிக்கை அவனைத் தாங்கியது. முன்னே பஞ்சு, இப்போது சிமெண்ட். அவன் நெஞ்சுக்கூடு எல்லாச் சரக்கும் இறங்குகிற கிடங்கு.

இப்போது மில்லை வாங்க ஒருவர் நினைக்கிறாராம். ஃபிரேம்கள் ஓடுகிற நிலையில் இருந்தால் மில்லை ஓட்டுவார், பழைய ஆட்களையே எடுப்பார். இல்லாவிட்டால் இரும்புக்குப் போடுவார். அதைப் பார்த்துச் சொல்ல சென்னகேசவன் என்ற இன்ஜினீயரை அனுப்பியிருந்தார். வழிகாட்ட மில்லின் இரண்டு தொழிற்சங்கங்களும் ஆளுக்கொருவரை அனுப்பின. இந்தச் சங்கத்துக்கு மயில்சாமி, அந்தச் சங்கத்துக்குப் பதினஞ்சாம் நம்பர் அங்கப்பன். பக்கத்துப் பக்கத்து ஃபிரேமில் பதினொரு வருஷம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இரண்டு பேர். அங்கப்பன் கையிலும் ஒரு பை இருந்தது.

"ஏப்பா, மூட்டை தூக்கறவனுக்கெல்லாம் மிஷினைப் பத்தி என்ன தெரியும்னு அனுப்பிச்சாங்க?" என்றான் அங்கப்பன்.

"நீ மட்டும் காங்கேயத்துச் செக்குல கவர்னர் உத்தியோகமா பாக்கற? எண்ணெய் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

"சண்டைய வெளியில வெச்சுக்குங்க. கதவத் தொறங்க," என்றார் சென்னகேசவன். பேச்சில் அலுப்பு தெரிந்தது. அந்த மாதத்தில் அவர் பார்க்கும் மூன்றாவது செத்த மில் இது.

இரண்டு பேரும் சேர்ந்து தோள் கொடுத்துத் தள்ளியபிறகுதான் கதவு திறந்தது. பஞ்சு பிரிக்கிற கூடத்தில் தரையெங்கும் புறா எச்சம். பஞ்சைச் சீவுகிற கார்டிங்கில் பெல்ட்டுகள் பாதி தின்னப்பட்டுத் தொங்கின. தோல் பெல்ட்டைத் தின்ற எலி என்ன கதியாயிற்றோ! ஓட்டுக் கூரையில் பெரிய பெரிய ஓட்டைகள் வழியாக வெயில் தூண் தூணாக இறங்கியது. சிலந்தி வலைகளில் பஞ்சுத் தூசி படிந்து, யாரோ மில்லுக்கு உல்லன் சட்டை போட்டுவிட்டது போல இருந்தது. மூன்று பேரும் மெல்ல நடந்தார்கள். ஆனால் மயில்சாமியும் அங்கப்பனும் மட்டும் மிஷின் ஓடுகிற நினைப்பிலேயே தொண்டை கிழியக் கத்திப் பேசினார்கள்.

"காது கேக்குதுங்க எனக்கு," என்றார் சென்னகேசவன்.

ரிங் ஃபிரேம் கூடத்துக்குள் நுழைந்ததும் மயில்சாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டான். திட்டம் இதுதான்: இன்ஜினீயர் முதல் பத்து ஃபிரேமைப் பார்ப்பதற்குள் நைசாகப் போய்ப் பதினாலில் சக்கரத்தை மாட்டிவிடுவது. ஒரு மிஷினால் மில் கெட்டுப்போயிற்று என்ற பேர் வரக்கூடாது.

சென்னகேசவன் ஒன்றாம் நம்பரின் தலைப்பெட்டியைத் திறந்தார். "இதுல சக்கரத்தக் காணமே." நோட்டில் எழுதினார். இரண்டாம் நம்பர். "இதுலயும் இல்லீங்க." மூன்று, நாலு, அஞ்சு. மயில்சாமி பாதி வழியில் நின்றுவிட்டான். முப்பத்திரண்டு ஃபிரேமும் பார்த்தாயிற்று. ஒன்றில்கூடப் பல்சக்கரம் இல்லை.

அவனுக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. வேலன் வீட்டுக் கோழிக்கூடையின் மேல் பாரமாக இருந்தது எது? கருப்புசாமி கடைத் தராசில் படிக்கல்லோடு படிக்கல்லாக உட்கார்ந்திருந்தது? நஞ்சம்மாள் வீட்டு வாசற்கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்தது? மூன்று வருஷமாகத் தினமும் பார்த்திருக்கிறான். ஊரில் தான் ஒருவனே தியாகி என்ற நினைப்பு கண்ணை மறைத்திருந்தது.

"உங்க சங்கத்துக்காரன் ஒருத்தனும் யோக்கியன் இல்ல," என்றான் அங்கப்பன்.

"ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் உங்க ஆளுகதானப்பா!"

சென்னகேசவன் நோட்டை மூடப்போனார். மயில்சாமி கணக்குப் போட்டுப் பார்த்தான். இப்போது சொன்னால் திருடன், சொல்லாவிட்டால் மில் இரும்புக்குப் போகும். சோதனை போட்டுப் பிடிபடுவதற்குக்கூட ஒரு யோகம் வேண்டும். தானே வாயைத் திறக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டு போசியை எடுத்து மூடியைத் திருகினான்.

"பதினாலாம் நம்பருதுங்க. நாந்தானுங்க கழட்டிப்போட்டேன். லாரி வந்து மிஷின அள்ளீட்டுப் போயிருமோன்னு பயந்துட்டுத்தானுங்க."

"பாத்தீங்களா!" என்று அங்கப்பன் துள்ளினான். "திருட்டுப் பய!"

"உங்க பையில என்னங்க?" என்றார் சென்னகேசவன்.

"சோறுங்க."

"சோறா இந்தக் கனம் கனக்குது?"

"ராகிக் களிங்க. நல்லா கெட்டியா கிண்டியிருக்குதுங்க."

பையைத் தரையில் வைத்தபோது களி ணங்கென்று சத்தம் போட்டது. அங்கப்பன் மோட்டுவளையைப் பார்த்தான். எதிரிச் சங்கத்தைப் பார்த்து மயில்சாமிக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அங்கப்பனுக்கும் உதடு கோணிற்று.

"மத்ததும் ஊருக்குள்ளதானுங்க இருக்குது," மயில்சாமி அவசரமாகச் சொன்னான். "பொழுது சாயறதுக்குள்ள முப்பத்திரண்டையும் கொண்டாந்து மாட்டிப்போடறோம். மாட்டினா ஓடுமுங்க."

சென்னகேசவன் சிரிக்கவில்லை. கவிழ்ந்து கிடந்த ஒரு நூல் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"சக்கரம் ஒரு குத்தமில்லீங்க. பீளமேட்டு ஃபவுண்டரியில சொன்னா ரெண்டு நாள்ல முப்பத்திரண்டும் ஊத்திக் குடுத்துருவாங்க. இதத் தொட்டுப் பாருங்க." ரோலரில் விரலை ஓட்டிக் காட்டினார். விரல் காவி நிறத்துக்கு மாறியிருந்தது. "மூணு மழை உள்ள இறங்கியிருக்குது. கதிரெல்லாம் இறுகிப்போச்சு. அதுவுமில்லாம, இது எங்க தாத்தன் காலத்து மிஷினுங்க. நீங்க மூடறப்பவே இதுக்கு வயசாகிப்போச்சு."

"அப்ப, லாரி?"

"யாரும் கேட்டே வரலீங்க. கோர்ட்டுக் காயிதமெல்லாம் பாத்துட்டுத்தான் வாரேன். ஒருத்தர்கூட வெலை கேக்கல."

மயில்சாமி கையிலிருந்த சக்கரத்தைப் பார்த்தான். எத்தனை மழையில் பரண் ஒழுகியபோது தலையணையை விட்டுவிட்டு இதற்கு எண்ணெய் போட்டிருக்கிறான்!

"ஓடவே ஓடாதுங்களா?"

"ஓடாதுங்க."

ஒரு புறா படபடவென்று எழுந்து வேறு உத்தரத்தில் உட்கார்ந்தது. கடைசியில் சென்னகேசவன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிரிக்கறதுக்கு இருபது ஆளு வேணும். மூணு மாச வேலை. வெளியாளுக எடுத்தா சம்மட்டியில அடிச்சு நொறுக்கிப்போடுவாங்க. நல்ல சாமானெல்லாம் பாழாயிரும். உங்களுக்குத்தான் இதுகளத் தெரியும். ரெண்டு சங்கத்துலயும் பாதிப் பாதி எடுத்துக்குங்க. வருவீங்களா?"

சிமெண்ட் மூட்டை நினைவுக்கு வந்தது. அடுப்படியில் வாய் திறக்காமல் நிற்கிற பாவாத்தாளின் முதுகு நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல வீரம் வேண்டும். இருந்த வீரத்தையெல்லாம் ஒரு சக்கரத்துக்கே செலவழித்தாகிவிட்டது.

"வாரோமுங்க," என்றான் மயில்சாமி. அங்கப்பன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப ஒரு ஃபிரேமக் கழட்டிப் பாருங்க. எத்தன நேரமாகுதுன்னு எழுதிக்கறேன்." வெளியே நின்ற தன் ஜீப்பிலிருந்து இரண்டு ஸ்பேனரை எடுத்து வந்து கொடுத்தார்.

மயில்சாமி பதினாலின் முன்னால் போய் நின்றான். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் தடவி அரளி மாலை போட்ட தலைப்பெட்டி. ஸ்பேனரை நட்டில் மாட்டினான். கை திருக மறுத்தது. துரு காரணமில்லை. பக்கத்தில் அங்கப்பனும் பதினஞ்சின் மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

அங்கப்பன் முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: "ஏப்பா, நீ இங்க வா. என்றத நீ கழட்டு. உன்றத நான் பாத்துக்கறேன்."

இருவரும் இடம் மாறினார்கள். பதினஞ்சின் முதல் நட்டு லேசாக வந்தது, இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் மயில்சாமி முழு பலத்தையும் போட்டான்.

"அட, முறுக்காதப்பா!" பின்னாலிருந்து அங்கப்பன் கத்தினான். "அது கொஞ்சம் முசுடு. எடது பக்கம் லேசா தட்டிக் குடுத்துத்தான் திருப்போணும். மெதுவா."

மயில்சாமி இடது பக்கம் மெதுவாகத் தட்டினான்.