மூணாம் வகுப்புவாதி

என் மச்சான் சோலையப்பனுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும், அப்புறம்தான் பேச்சு வரும். அன்றைக்கு ஒரு பகல் முழுக்க மூக்கு விடைத்தபடியே இருந்தார், பேச்சே வரவில்லை. என் அக்கா கண்ணாத்தாள் போட்ட சோறு தட்டிலேயே ஆறிப்போனது.

எல்லாம் இன்னாசியால். அறுபத்தைந்தாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் தலைவர் பதவிக்கு மச்சானும் அவனும்தான் நேருக்கு நேர். முந்தின நாள் சாயங்காலம் பஸ் நிற்கிற ஆலமரத்தடியில் இன்னாசி மைக்கைப் பிடித்து, சோலையப்பன் ஒரு வகுப்புவாதி என்று சொல்லிவிட்டான். மச்சான் வயலில் மடை திறந்துகொண்டிருந்தவர், ஒலிபெருக்கியில் அதைக் காதாரக் கேட்டுவிட்டார்.

இரண்டு பேரும் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மச்சான் மூன்றாவதோடு நின்று மாடு மேய்க்கப் போனார். இன்னாசி எட்டு வரை படித்து, மிலிட்டரிக்குப் போய்த் திரும்பினான். சிநேகிதம் மட்டும் நின்றுபோகவில்லை. ஊரார் முன்னால் இன்னாசி 'வாங்க, போங்க' போடுவான். ஆட்கள் விலகியதும் 'டா'தான். தேர்தலில் எதிர்த்து நிற்கப் போவதைக்கூட முதலில் மச்சானிடம் வந்துதான் சொன்னான். மனுத் தாக்கல் செய்ய நல்ல நாள் பார்த்துக் கொடுத்ததே மச்சான்தான்.

அதனால்தான் அந்த வார்த்தை அவரை அப்படிச் சுட்டது. மறுப்புக் கூட்டம் போட்டே தீர வேண்டும் என்று நின்றார். நான் தினமும் பேப்பர் படிக்கிறவன். வகுப்புவாதி என்றால் சாதி, மதம் பார்த்து ஆளை ஒதுக்குகிறவன் என்று எனக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அதுதான் என் மடத்தனம்.

மறுநாள் அதே ஆலமரத்தடி. இன்னாசியும் கூட்டத்தின் ஓரமாக வந்து நின்றிருந்தான். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமாய்யா, நான் வகுப்புவாதிதான். மூணாம் வகுப்புவாதி. அதுக்கு மேல படிக்க வைக்க எங்கய்யாவுக்கு வசதியில்ல. இன்னாசி எட்டாம் வகுப்புவாதி. அப்ப எங்க ரெண்டு பேர்ல யாரு பெரிய வகுப்புவாதின்னு நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கொஞ்ச நேரம் முழித்தது. பிறகு சிரித்த சிரிப்பில் ஆலமரத்துக் காக்கைகள் அத்தனையும் கிளம்பிவிட்டன. இன்னாசி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். தான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மச்சானும் சேர்ந்து சிரித்தார். அந்தக் கள்ளமில்லாத சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

திரும்பி வரும் வழியில் அர்த்தத்தைச் சொன்னேன். வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். இந்தத் தடவை மூக்கு விடைக்கவில்லை.

"என்னையா சொன்னான்? அவன் பொண்டாட்டி பிரசவத்துக்குக் கொட்டுற மழையில வண்டி கட்டிக்கிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனவனையா?"

நேரே இன்னாசி வீட்டுப் பக்கம் திரும்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

இன்னாசி வீட்டார் தாத்தா காலத்தில் வேதத்துக்கு மாறிக் கிறிஸ்தவர்களானவர்கள். மதம் மாறியும் தெரு மாறவில்லை, ஊருக்குத் தெற்கே தள்ளியேதான் இருந்தது. மச்சான் வாசல் தென்னை மரத்தடியில் நின்றுகொண்டு, கூட்டம் போட்டுச் சொன்னதைக் கூட்டம் போட்டே வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றார். இன்னாசி வழக்கம்போல இரண்டு இளநீரைச் சீவி ஆளுக்கொன்றாக நீட்டினான். நான் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தேன். மச்சான் கை நீட்டவில்லை.

"சோலை, பதினஞ்சு வருஷமா நீ வாரப்பல்லாம் எளநி வெட்டுறேன்," என்றான் இன்னாசி. "என் வீட்டுத் தண்ணிய நீ ஒருநாளும் குடிச்சதில்ல. நீ கேக்கல, நானும் குடுக்கல. ஒனக்குச் சங்கடமாயிருமேன்னுதான்டா இந்த மரத்தையே வச்சேன்."

மச்சான் அந்த மரத்தை அடியிலிருந்து குருத்து வரைக்கும் பார்த்தார். இளநீர் வெட்டுவதை இத்தனை நாளும் அவர் பிரியம் என்று நினைத்திருந்தார். பிரியம்தான், அதில் சந்தேகமில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும்.

செருப்பைக் கழற்றினார். குனிந்து வீட்டுக்குள் போனார். இன்னாசியின் மனைவி சந்தனமேரி பதறி எழுந்தாள்.

"தங்கச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். செம்பில் மொண்டு கொடுத்தாள். மச்சான் முழுச் செம்பையும் குடித்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்னாசி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"வாபஸெல்லாம் வாங்க முடியாதுடா. வேணும்னா நாலாம் வகுப்புக்குப் பாஸ் போடுறேன்."

உள்ளே மச்சான் சிரித்தார். சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, அங்கிட்டு ஏன் நிக்கிறே? நீயும் வந்து தண்ணி குடி."

பேப்பர் படிக்கிறவன், அர்த்தம் தெரிந்தவன் நான். வெறும் இளநீர்க் காயைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தேன். வயிறு நிறைஞ்சிருக்கு மச்சான் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது.