தீவுப் பக்கத்துச் சுறா

ஆய்வுக்கு ஈரல் மட்டும்தான் வேண்டும். மீதி மீனை வீசச் சொன்னால் நான் வீசுவேனா? சோற்றுப் பருக்கை சிந்தினாலே முதுகில் அடி விழும் ரப்பர் தோட்டத்து வீட்டில் பிறந்தவள் நான்.

1984-இல் ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். கடலில் எண்ணெயோ விஷமோ கலந்தால், அதை முறிக்க மீனின் ஈரல் ஒருவகை நொதியை அதிகமாக உண்டாக்கும். அதை அளந்தால் மீன் எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று தெரிந்துவிடும். துறைமுகத்திலிருந்து ஒரு கூடை சுறாக்குட்டி வரும். ஒப்பிட்டுப் பார்க்க, ஆலையே இல்லாத தீவுப் பக்கத்திலிருந்து இன்னொரு கூடை. ஈரல்களை உறையவைத்துச் சேர்த்து, கடைசியில் மொத்தமாக அளப்போம்.

அந்தச் சமயம் பார்த்து, பக்கத்து ஊரான செமோரில் என் அக்கா ராக்காயிக்குப் பிள்ளை பிறந்தது. பால் ஊறச் சுறாப்புட்டுக்கு ஈடு உண்டா? துறைமுகத்து மீனை நான் தொடவே இல்லை. தீவுப் பக்கத்துச் சுறாவாகப் பார்த்து, வாரம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பசார் மீனு இல்லக்கா, சுத்தமான எடத்து மீனு" என்று சந்தை மீனை மட்டம்தட்டிப் பெருமை வேறு.

முடிவு வந்த அன்று, அதிகாரி சிவசுப்பிரமணியன் சார் தாளையே வெறித்துப் பார்த்தார்.

"கூடைய மாத்திட்டியாம்மா நவமணி?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நானா மாற்றுவேன்? மீதி வைத்திருந்த ஈரலை எடுத்து மறுபடி அளந்தோம். துறைமுகத்து ஈரலைவிடத் தீவுப் பக்கத்து ஈரலில்தான் நொதி பல மடங்கு அதிகம்.

"கப்பல்காரனுங்க எண்ணெத் தொட்டியக் கழுவி அங்கதான் ஊத்துறானுங்க போல" என்றார் சார்.

"அந்தச் சதையத் தின்னா என்ன ஆகும் சார்?"

"அத இன்னும் பாக்கலையே. ஏன் கேக்குற?"

அப்படியே ஓடிப்போய்ச் செமோர் பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாதி தின்ற புட்டுத் தட்டு. அதைப் பிடுங்கினேன்.

"பைத்தியமாடி ஒனக்கு?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வெடுக்கென்று பிள்ளையை மார்பிலிருந்து விலக்கினாள். அது வீறிட்டது. அவள் அதைச் சமாதானப்படுத்தவில்லை. அடுத்த வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீரம்மாவுக்குப் பாலே ஊறலடி" என்றாள். "அவ புள்ளைக்கும் நான்தான்லா குடுக்கிறேன்."