அக்காவின் தோல், தங்கையின் தோல்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு அவளைக் கண்டால் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. எதிரே லாரி உறுமிக்கொண்டு வந்தாலும், "பதறாம போங்க, இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவள் ஊசி என்றால் மட்டும் ஏழு வயதுப் பிள்ளையாகிவிடுவாள். மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், தோலில் ஒரு துணுக்கு வெட்டிக் கொடுக்க அவள் வந்து படுத்ததே பெரிய விஷயம்.

வந்தது அக்காவுக்காக. அக்கா என்றால் ஆறு நிமிடம் மூத்தவள். ஒரே கருவில் உருவான இரட்டையர். நாற்பத்து மூன்று வயதிலும் சிரிப்பு, நடை, தும்மல்கூட அச்சு அசல். வித்தியாசம் ஒன்றுதான். அக்காவுக்கு இருபது வயதிலிருந்து சொரியாசிஸ். முழங்கை, முதுகு, கை என்று அங்கங்கே சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். தங்கைக்கு மருந்துக்குக்கூட ஒரு பொட்டு கிடையாது.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. வாடிக்கையாளர்களில் சிலர் கண்ணாடியை அவள் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். "மேஜையில வைங்க" என்பார்கள். அவளும் வைப்பாள், முகம் சுளிக்காமல்.

இந்த நோயை ஆராயும் மருத்துவமனைக் குழுவுக்கு அக்கா தோல் துணுக்கு கொடுக்கப் போனபோது, இரட்டைப் பிறவி என்று தெரிந்ததும் ஆராய்ச்சியாளருக்கு வாயெல்லாம் பல். தங்கை வருவாளா என்று கேட்டார். அக்கா போனில் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கை சரி என்றுவிட்டாள். கத்தி பற்றியெல்லாம் பிறகுதான் காதில் விழுந்தது.

"மரத்துப்போற ஊசி மட்டும் சுருக்குன்னு இருக்கும்மா," என்றார் நர்ஸ்.

"அக்கா, கையை விட்டுடாதே!"

"விட்டா மட்டும் எங்க ஓடப் போறே? படு பேசாம."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள் தங்கை.

"பிளாஸ்திரியே ஒட்டியாச்சு," என்றார் நர்ஸ்.

நான்கு மாதம் கழித்து ஆராய்ச்சியாளர் இருவரையும் கூப்பிட்டார். உறைபெட்டி ஒன்று ஓயாமல் முனகும் சின்ன அறை. "இதை வச்சு வைத்தியம் பண்ண முடியாது. தெரிஞ்சுக்க ஆசைப்பட்டீங்கன்னுதான் சொல்றேன்," என்று ஆரம்பித்தார். "ஜீன் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா ஒரு புரதம் உருவாகணும்னா ஜீன்லேருந்து உத்தரவுச் சீட்டு வரணும். அந்தச் சீட்டைப் பிடிச்சு 'வேண்டாம்'னு நிறுத்துற துளியூண்டு சங்கதிகள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு."

"பயிற்சி கார்ல என் பக்கம் இருக்கிற பிரேக் மாதிரியா?" என்றாள் தங்கை.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட. ஆனா இங்க ஒரு கூத்து நடக்குது. தோல்ல அழற்சியை அடக்கவே ஒரு புரதம் இருக்கு. உங்க அக்காவோட தடிப்புல ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. அது போய் அந்தப் புரதத்தோட சீட்டையே நிறுத்துது."

"பிரேக்குக்கே பிரேக் போடுதா!"

"அதேதான். உங்க தோல்ல அது அடங்கி இருக்கு."

"எனக்கு மட்டும் ஏன் ஏறுச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"அது தெரியலைங்க. அது ஏறினதால நோயா, நோயால அது ஏறுச்சான்னே முழுசா பிரிக்க முடியலை. என்ன சாப்பிட்டேன், எந்த சோப்பு போட்டேன்னு மட்டும் உங்களையே குடைஞ்சுக்காதீங்க."

அக்கா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தங்கைதான் நிமிர்ந்தாள். "தொண்டை வலியால வருமா சார்?"

"சிலருக்கு அதுதான் தூண்டி விடும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மா இல்லை என்று அக்காவுக்குத் தெரியாதா? காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டாள். "என்னடி தொண்டை வலி?"

தங்கை சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள். "உனக்கு இது வந்த வருஷம் எனக்குத் தொண்டை கட்டி காய்ச்சல் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் மூணு நாள்ல எழுந்துட்டேன். நீ பதினஞ்சு நாள் கழிச்சு உடம்பெல்லாம் புள்ளி புள்ளியா நின்னே. நான்தான் உனக்கு ஒட்டவச்சேன். அந்தத் தடிப்பைப் பார்க்கறப்பல்லாம் எனக்குச் சோறு இறங்காதுக்கா."

 அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடி அசடே! முதல்ல வலி வந்தது எனக்குடி. கண்ணாடிக் கடை நேர்காணல் இருந்துச்சு. தெரிஞ்சா அம்மா விட மாட்டாங்கன்னு உப்புத் தண்ணியைக் கொப்பளிச்சுக்கிட்டு வாயைத் திறக்காம இருந்தேன். உன் பாட்டில் தண்ணியைத்தான் குடிச்சுக்கிட்டிருந்தேன். உனக்கு ஒட்டவச்சதே நான்தான்."

"இருபத்து மூணு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேட்டாத்தானே?"

தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தில் ஆரம்பித்த அழுகை பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது. பின்னால் நின்ற கார்க்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினாள்.

நோய் போய்விடவில்லை. புது மருந்தில் கை ஏறக்குறைய தெளிந்திருக்கிறது. முதுகு மட்டும் அடம் பிடிக்கிறது. அங்கே அக்காவுக்குக் கை எட்டாது. இத்தனை நாளும் அந்த முதுகைப் பார்க்கவே துணியாத தங்கை, இப்போது புதனும் ஞாயிறும் வேலை முடிந்ததும் வந்து களிம்பு தடவுகிறாள். அன்றன்று கார் ஓட்டப் பழகியவர்கள் யார் யார் எதில் போய் முட்டப் பார்த்தார்கள் என்ற கதையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

"மெதுவாடி, சுவத்துக்கா சுண்ணாம்பு அடிக்கிறே?" என்று அக்கா கத்துவாள். தங்கை கேட்டால்தானே? களிம்புக் குழாயைப் பிதுக்கி இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, கதையைத் தொடர்வாள்.