சக்கர பங்களாவுக்கு வந்த அம்மை

துரை ஓடிப்போனார். ஆனால் ஓடிப்போனார் என்று சொல்லக்கூடாது, 'அலுவலாகப் பினாங்குக்குப் போயிருக்கிறார்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது ரப்பர் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிராணி கனகரத்தினத்தின் கட்டளை. ஜித்ராவில் ஜப்பான்காரன் புகுந்துவிட்டான் என்று சேதி வந்த மறுநாள் காலையில், சவரம்கூடச் செய்துகொள்ளாமல், நாயை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறிப் பறந்த மனிதரை வேறு எப்படிச் சொல்வதென்று மருதம்மாளுக்குத் தெரியவில்லை. பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாகச் சடக்கோரத்தில் நின்று அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். நாய்க்குக் காரில் இடம் இருந்தது. முந்நூறு கூலிகளுக்கும் ஒரு கிராணிக்கும் இடம் இல்லை.

கேரவனை மாட்டுவதற்கும் துரைக்கு நேரம் இல்லை. கேரவன் என்பது காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப்போகும் ஒரு சின்ன வீடு. இரண்டு சக்கரம், ஒரு கதவு, திரை போட்ட ஜன்னல், உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு. லீவு விட்டால் துரை அதைக் கடற்கரைக்கு இழுத்துப்போவார். பத்து அறை பங்களாவை விட்டுவிட்டு அதற்குள் குனிந்து குனிந்து நடந்து, தானே முட்டை பொரித்துத் தின்று, கொசுக்கடியோடு திரும்பி வருவார். அதற்குக் கேம்ப் என்று பெயராம். லயத்தில் ஒரே அறையில் ஆறு பேர் முடங்கிக் கிடப்பதற்கு என்ன பெயர் என்று யாரும் கேட்டதில்லை. சனங்கள் அதைச் சக்கர பங்களா என்றார்கள்.

கார் கிளம்பும்போது துரை கண்ணாடியை இறக்கி, "அதைப் பார்த்துக்கொள்" என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் போனார். போகிற வாயில் வந்த பேச்சு அது. கனகரத்தினம் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, திகாம் பத்துவுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்து ஆபீஸிலேயே இருபது வருஷம் உட்கார்ந்து, பேர் எழுதி, பேர் அடித்து, தலைமயிர் நரைத்தவர் அவர். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போய்ச் சாக்கு வந்தது. காய்ச்சலில் லயத்துக்கு இரண்டு பேர் செத்தார்கள். கிராணியின் கவலை முழுக்க கேரவனை எவனாவது திருடிவிடுவானோ என்பதுதான். அதைப் பழைய லாரிக் கொட்டகைக்குள் தள்ளவைத்து, செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தினார். டயர்களைக் கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டார். கித்தா நாற்றத்தில் தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி செல்வநாயகி முறையிட்டாள். அவளைத்தான் வேறு அறைக்கு மாற்றினார். அச்சில் மாட்டுச் சங்கிலி, கதவில் மூன்று பூட்டு. அப்படியும் மனம் ஆறாமல் இருளப்பனைக் காவலுக்குப் போட்டார்.

இருளப்பன் மருதம்மாளின் புருஷன். நல்லவன். அவனிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான். நில் என்றால் நிற்பான். எதற்கு என்று கேட்கமாட்டான். "பொட்டிக்குக் காவலு. உள்ள என்னா இருக்குன்னாச்சும் தெரியுமாய்யா ஒனக்கு?" என்று அவள் கேட்பாள். "துரை சாமான் புள்ள. அது நமக்கு எதுக்கு?" என்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் சயாம் வந்தது. சயாமில் ரயில் ரோடு போடத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று ஜப்பான்காரன் கேட்டான். யார் யார் என்று எழுதிக் கொடுத்தது கிராணியின் பேனா. முதல் தடவை ஏறிப்போன பன்னிரண்டு பேரில் ஒருவனும் திரும்பவில்லை, ஒரு கடுதாசியும் வரவில்லை. பாலிங் பக்கம் காட்டு வழியாகத் தப்பி வந்த வேறு தோட்டத்து ஆள் ஒருவன் சொன்ன கதையைக் கேட்ட பிறகு, லயத்துப் பெண்கள் சயாம் என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

இருளப்பன் பேரைக் கிராணி எழுதவில்லை. ஏன் என்பதையும் மறைக்கவில்லை. "கேரவன் இருக்குமட்டும் நீ இருப்பாய். அது களவு போனால் நீயும் சயாமுக்குப் போவாய்" என்று நேராகவே சொன்னார். அன்றோடு மருதம்மாளின் கேலி அடங்கியது. அவள் தாலி கழுத்தில் இல்லை, லாரிக் கொட்டகையில் செங்கல் மேல் நின்றது. பால் வெட்டி முடித்து ஸ்டோரில் ஊற்றிய கையோடு தினமும் அங்கே போய், அந்தச் சனியன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லயத்துக்குப் போவாள். வாய்க்கு வந்தபடி அதைத் திட்டிக்கொண்டே சங்கிலியை ஒரு இழு இழுத்துச் சரிபார்ப்பாள்.

இரண்டாவது பட்டியல் எழுதின வாரம், லயத்தின் பக்கமே தலைகாட்டாத கிராணி இருளப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"இருளப்பன், செவ்வாய்க்கிழமை ஜப்பான் அதிகாரி தானே வாறானாம். ஆக்களைக் கொண்டுபோறதோடை இரும்பு, வண்டி எல்லாம் தேடி எடுக்கப் போறானாம். கேரவனைக் கண்டானெண்டால் லொறியிலை ஏத்திக்கொண்டு போயிடுவான். பிறகு எனக்குக் காவலாள் ஏன்? உன்ரை பேரையும்தான் எழுத வேண்டி வரும். விளங்குதோ?"

"சரிங்கய்யா" என்றான் இருளப்பன்.

"என்னா சரிங்கய்யா?" என்று மருதம்மாள் சீறினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆனால் அழுது என்ன ஆகப்போகிறது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிராணியைப் பார்த்தாள். "ஐயா, அம்மை பாத்துக் கெடக்குற ஊட்டுக்குள்ள யாராச்சும் நொழைவாங்களா?"

நுழையமாட்டார்கள். லயத்தில் ஒரு வாசலில் வேப்பிலை தொங்கினால், அந்த வீட்டுப் பக்கம் பேச்சுகூடப் போகாது. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. கள்ளனும் அந்தப் படி ஏறமாட்டான், கங்காணியும் ஏறமாட்டான். ஜப்பான்காரனோ சீக்கு என்ற பேரைக் கேட்டாலே மூக்கில் துணி கட்டுகிற சாதி. பீடோங் பாசாரில் சனங்களை வரிசையாக நிறுத்தி ஊசி குத்தியதை அவளே பார்த்திருக்கிறாள்.

கிராணிக்கு யோசனை பிடித்தது. ஒரே ஒரு சங்கடம். "ஆர் உள்ளை கிடக்கிறது? துரையின்ரை கட்டிலிலை ஒரு கூலியாள் படுக்கிறதோ?"

"நான் கீழயே படுத்துக்கிறேன்யா" என்றான் இருளப்பன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மருதம்மாள் முதல் மரத்துப் பாலை ஒரு மங்கில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். கிராணி மூன்று பூட்டையும் திறந்தார். கதவைத் திறக்கும் முன் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். ஒன்றரை வருஷமாக ஒரு ஈ காக்கை நுழையாத பெட்டி. உள்ளேயிருந்து யார் வரச்சொல்லப் போகிறார்கள்? கூப்பிடாமல் துரை வீட்டுப் படியேறக்கூடாது என்று இருபது வருஷம் கைகட்டி நின்ற பழக்கம், ஆள் இல்லாத இடத்திலும் அவரை நிறுத்திவைத்தது. மருதம்மாள் சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். கிராணி படியைத் தாண்டவில்லை. "காலைக் கழுவிப்போட்டு ஏறு. ஒண்டையும் தொடாதை. நான் கூப்பிடாமல் வெளியிலை வரக்கூடாது" என்று இருளப்பனுக்குச் சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார்.

அவள் புருஷனைத் தரையில் கிடத்தி, வேப்பங்குச்சியால் பாலைத் தொட்டு முகம், கழுத்து, மார்பெல்லாம் சொட்டுச் சொட்டாக வைத்தாள். காயக் காய மேலே மேலே வைத்தாள். கித்தாப்பால் காய்ந்து தோலைச் சுருட்டிப் பிடித்தது. மேலே மஞ்சளைத் தூவினாள். நிஜ அம்மையே வெட்கப்படும். அதைப் பார்த்து அவளே, "ஆத்தா, இது வெளையாட்டு இல்ல, வவுத்துப் பொழப்பு, மன்னிச்சிக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொட்டகை வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள்.

ஒன்பது மணிக்கு லாரி வந்தது. அதிகாரியோடு பரஞ்சோதி வந்தான். பீடோங்கில் ஜப்பான் பாஷை படித்து, மொழிபெயர்க்கிற வேலையில் சேர்ந்தவன். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பன்னிரண்டு பேர் மூட்டையோடு நின்றார்கள். பெண்களின் ஓலத்தை அதிகாரி காதில் வாங்கவில்லை. நேராகக் கொட்டகைக்கு நடந்தான்.

வேப்பிலையைக் கண்டதும் பரஞ்சோதி இருபதடி தள்ளியே நின்றுவிட்டான். என்னதான் பாஷை படித்தாலும் லயத்தில் பிறந்தவன்தானே. அவன் என்னவோ சொல்ல, அதிகாரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். மருதம்மாள் கதவை அகலத் திறந்தாள். இருளப்பனின் முகத்தைப் பார்த்ததும் பட்டாக்கத்தி கட்டிய அந்த வீரன் மூன்றடி பின்னால் போனான். கிராணியின் உதட்டில் லேசாக ஒரு சிரிப்புக்கூட வந்தது. துரையின் சொத்து தப்பிவிட்டது.

அதிகாரி வெடுக்கென்று ஏதோ சொன்னான்.

"எரிக்கச் சொல்றாரு" என்றான் பரஞ்சோதி.

"எதை?"

"எல்லாத்தையும். கொட்டாய், வண்டி, எல்லாத்தையும். சீக்குக்காரனால நடக்க முடிஞ்சா வெளிய வரட்டுமாம். முடியலன்னா அவன் பாடு."

"ஐயோ, அது துரையின்ரை..." என்று கத்திய கிராணி பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். துரையின் பேரைச் சொன்னால் தலை இருக்காது. உள்ளே கிடக்கிற மனிதனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மருதம்மாள் அதைக் கவனித்தாள்.

சிப்பாய்கள் ஸ்டோரிலிருந்து மரத்தில் காய்ந்து உரித்த ஒட்டுப்பால் மூட்டைகளை இழுத்துவந்து சுற்றிலும் போட்டுத் தீ வைத்தார்கள். ஒட்டுப்பால் எரியத் தொடங்கினால் அணைக்க முடியாது. மருதம்மாள் உள்ளே பாய்ந்தாள்.

"எந்திரிய்யா! வெளிய வா!"

"கிராணி ஐயா இன்னும் கூப்புடலியே புள்ள" என்றான் இருளப்பன், படுத்தபடியே.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். குடுமியைப் பிடித்து இழுத்து, படியில் உருட்டி, புகையிலிருந்து வெளியே கொண்டுவந்து போட்டாள். அவர்களைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் விலகி ஓடினார்கள். கேரவனின் பெயிண்ட் கொப்பளித்தது. ஜன்னல் திரை ஒரு நொடியில் போனது. கிராணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தன் தாய் செத்த தந்தி வந்த அன்றுகூட ஆபீஸில் உட்கார்ந்து பேர் எழுதிய மனிதர் அவர்.

அதிகாரி அடுத்த கேள்வி கேட்டான். சீக்குக்காரன் வீட்டை ஒட்டி இருப்பது யார்? பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவன் அய்யாவு. பன்னிரண்டு பேரில் ஒருவனாக மூட்டையோடு நின்றான். ரயில் ரோட்டுக்குச் சீக்கைக் கொண்டுபோக முடியாது என்று அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டான் அதிகாரி. அய்யாவுக்கு நடப்பது புரியவே நேரம் பிடித்தது.

"இந்த ஆளுகிட்ட வேற யாரெல்லாம் போனீங்க?" என்று பரஞ்சோதி அதட்டினான்.

கிராணி முந்திக்கொண்டார். "நான் போகேல்லை! அந்தக் கொட்டிலுக்குள்ளை நான் கால் வைக்கவே இல்லை! இவையளோடை நான் புழங்கிறதே இல்லை தம்பி. பதினைஞ்சு வருஷமாய் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததில்லை. சொல்லு, அவருக்கு வடிவாய்ச் சொல்லு!"

பரஞ்சோதி வடிவாகவே சொன்னான். ஒன்றையும் விடவில்லை. அதிகாரி கிராணியை மேலும் கீழும் பார்த்தான். முதல்முறையாக அவன் முகத்தில் திருப்தி தெரிந்தது.

"ஒரு ஆளு கொறையுதுங்க. ஐயா நல்லாத் தெடமா இருக்கீங்களாம். லாரியில ஏறச் சொல்றாரு. அங்கயும் பேர் எழுத ஆளு வேணுமாம்."

கனகரத்தினம் சுற்றிலும் பார்த்தார். அவர் எழுதிக் கொடுத்த பதினோரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதிகாரியிடம் பொய் சொன்னோம் என்று தன் வாயால் சொன்னால் பட்டாக்கத்திதான். அவர் மருதம்மாளின் பக்கம் நகர்ந்து, உதடு அசையாமல் கெஞ்சினார்.

"மருதம்மா, நீ சொல்லு. அம்மை இல்லை, பால்தான் எண்டு நீ சொல்லு. பொம்பிளையை ஒண்டும் செய்யமாட்டான்."

அவளால் முடியும். குனிந்து இருளப்பன் கன்னத்திலிருந்து ஒரு சொட்டை உரித்துக் காட்டினால் போதும். அவர் தப்புவார், இருளப்பன் ஏறுவான். அய்யாவும் ஏறுவான். செல்வநாயகியின் முகம் மனசில் வந்தது. வந்ததை அவள் தள்ளிவிட்டாள்.

"ஆத்தா வந்த எடத்துல பொய் சொல்லக்கூடாதுங்கய்யா" என்றாள்.

வெள்ளைக் கோட்டோடு அவரைத் தூக்கி லாரியில் போட்டார்கள். லாரி உறுமியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற கிராணி, புகைகிற கொட்டகையைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"அச்சும் இரும்புச் சட்டமும் எரியேல்லை மருதம்மா! அதையாவது ஆரும் களவெடுக்காமல் பார்த்துக்கொள்! துரை வந்து கேப்பார்!"

இந்த மனிதர்மேல் இரக்கப்படக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டதும் இரக்கம் வந்துவிட்டது. அதை நினைத்து அவளுக்கே தன்மேல் எரிச்சலாக இருந்தது. லாரி சடக்கில் ஏறித் திரும்பியது.

பின்னால் இருளப்பன் எழுந்து நின்றிருந்தான். முகமெல்லாம் அம்மையோடு, "சரிங்கய்யா" என்று சொல்லி, போகிற லாரியைப் பார்த்து நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய்ச் சலாம் வைத்தான். மருதம்மாள் ஓங்கி ஒரு அடி அடித்து அந்தக் கையைக் கீழே இறக்கினாள்.