முப்பத்துநான்காம் எண்

மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசிப்புத் தேர்வு வைக்கும் முறை எளிமையானது. ஒரு தாளில் பத்து வரிக் கதை. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிள்ளைகள் ஒவ்வொருவராக மேசைக்கு வருவார்கள். தாளைக் கையில் கொடுத்துவிட்டு டீச்சர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிடத்தில் தப்பில்லாமல் எத்தனை சொல் வருகிறதோ, அதை வைத்து ஏ, பி, சி. மற்றவர்கள் கைகட்டி உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். முப்பத்துநான்கு பேரை முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகும்.

முப்பத்துநான்காம் எண் ஒரு சிறுமி. போன வருடம் பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துச் சேர்ந்ததால் பதிவேட்டின் அடியில் போய்விட்டாள். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். டீச்சர் நடத்திய பாடத்தை ஒரு வாரம் கழித்துக் கேட்டாலும், நடுவே டீச்சர் இருமிய இருமல் உட்பட அப்படியே ஒப்பிப்பாள். இரண்டாம் வகுப்பிலிருந்து இதே டீச்சர்தான் இந்தப் பிள்ளைகளோடு மேலே வந்திருந்தார். இதுவரை நடந்த நான்கு வாசிப்புத் தேர்விலும் ரேடியோவுக்கு ஏ. தண்ணீர் ஓடுவதுபோலப் படிக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் டீச்சர் பெருமையாகவே சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது தேர்வு அன்று ஒன்றாம் எண் பையன் எழுந்து ஒரு நியாயம் கேட்டான். ஒவ்வொரு தடவையும் தானே முதலில் மாட்டிக்கொள்வதாகவும், கடைசியில் இருப்பவர்கள் மட்டும் சொகுசாக உட்கார்ந்திருப்பதாகவும் முறையிட்டான். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றியது. இன்றைக்கு வாலிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லி, முப்பத்துநான்காம் எண்ணை அழைத்தார்.

ரேடியோ மெதுவாக வந்தாள். தாளை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு கணம் சும்மா நின்றாள். பிறகு, மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டியின் கதையைக் கணீரென்று படிக்கத் தொடங்கினாள். அது போன பருவத் தேர்வின் கதை. கையிலிருந்த தாளில் இருந்ததோ தபால்காரரின் மிதிவண்டி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தாளில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். அவள் வாய் திறக்கவில்லை. எந்த வரியில் இருக்கிறாய், விரலை வைத்துக் காட்டு என்றார். சிறுமி விரலை வைத்தாள். எழுத்துகளுக்குக் கீழே, மிதிவண்டிப் படத்தின் சக்கரத்தின்மேல்.

பிள்ளைகள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். டீச்சர் அந்த விரலையே பார்த்தார். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாரையும் படம் வரையச் சொன்னார். அன்று வேறு யாரையும் அவர் அழைக்கவில்லை.

மதிய இடைவேளையில் காலி வகுப்பறையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கேட்க நினைத்த கேள்விகளையெல்லாம் விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அவளாகவே சொல்லத் தொடங்கினாள்.

"கடைசி நம்பர்னா ஈசி டீச்சர். பன்னெண்டாம் நம்பர் தப்புத் தப்பாப் படிப்பான். அவன் படிக்கிறத எடுத்துக்கக் கூடாது. இருபது வந்தாச்சுன்னா முழுசா வந்துடும். அப்புறம் சும்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"தாள்ல உனக்கு என்னம்மா தெரியுது?"

"எழுத்து இருக்குன்னு தெரியும். என்ன எழுத்துன்னு தெரியாது. பெருசா இருந்தா தெரியும். கடை போர்டெல்லாம் கிட்டப் போய் நின்னு படிப்பேன்."

அம்மா யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லியிருப்பதையும் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அழுதாள்.

டீச்சருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சின்னப் பிள்ளைகளாயிற்றே என்று எழுத்துத் தேர்வில் கேள்விகளை அவரே உரக்கப் படித்துவிடுவார். அது இரக்கம் என்றுதான் நினைத்திருந்தார். கரும்பலகையில் எழுதும்போது, அடுத்து உட்காரும் முப்பத்துமூன்றாம் எண் பெண் ரேடியோவின் காதில் ஏதோ முணுமுணுப்பாள். ஓயாத வாய் என்று திட்டி, இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவளை வேறு பெஞ்சுக்கு மாற்றியிருந்தார். எட்டு வயதுக் குழந்தை ஒன்றரை வருடமாகத் தோழிக்குக் கண்ணாக இருந்திருக்கிறது. அதற்குப் பரிசாக இடமாற்றம்.

தினமும் காலையில் பதிவேட்டைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் கண்மூடி, இவர்களில் ஒருவரையும் நான் தவறவிடாதபடி பார்த்துக்கொள் என்று கடவுளிடம் கேட்பது டீச்சரின் வழக்கம். மறுநாள் அந்த வார்த்தைகள் வரவில்லை. எழுந்துபோய், முப்பத்துமூன்றாம் எண் பெண்ணின் பையைத் தாமே தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார். நீ பேசியது தப்பில்லை, நான் திட்டியதுதான் தப்பு என்று எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னார். அதன் பிறகுதான் கண்மூட முடிந்தது.

பெரிய எழுத்துப் புத்தகங்களும், எழுத்தைப் பெரிதாக்கும் கண்ணாடிப் பலகையும் வள மையத்திலிருந்து பள்ளிகளுக்கு வரும். உதவி தேவைப்படும் பிள்ளைகளின் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இந்த முறை விட்டால் அடுத்த வருடம்தான். படிவத்தில் கடைசி நான்கு தேர்வுகளின் மதிப்பெண் கேட்டிருந்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். பிள்ளைகளிலிருந்து ஆயா வரை அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் அழைப்பார்கள்.

பெரிய டீச்சர் நல்லவர். பள்ளியின் பெயரைத் தம் பெயர்போலக் காப்பவர். நான்கு ஏ வாங்கிய பிள்ளைக்கு உதவி கேட்டால் படிவம் போன வேகத்தில் திரும்பிவிடும் என்றார். பார்வை இந்தப் பருவத்தில்தான் குறைந்தது என்று எழுதிவிட்டால் யாருக்கும் சேதமில்லை என்று வழியும் சொன்னார்.

"இப்பக் குறைஞ்சதுன்னு எழுதினா, முதல்ல வைத்தியம் பாருங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க பெரிய டீச்சர். நான் போட்ட மார்க் தப்புன்னே எழுதிடறேன்."

"ஒருத்தி மார்க் தப்புன்னா, மிச்சப் பேரோட மார்க்கும் தப்பான்னு கேப்பாங்களே."

"தப்புதான். இருபதுக்கு மேல இருக்கிற எல்லாருமே காதால படிச்சிருக்காங்க."

பெரிய டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க. நல்லாசிரியர் பட்டியல்ல உங்க பேரை இந்த வருசம்தான் எழுதி வச்சேன்."

டீச்சர் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பட்டியலின்மேல் அவருக்கும் ஆசை இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

வியாழக்கிழமை ரேடியோவின் தாய் வந்தார். சட்டைக்குப் பொத்தான் தைக்கும் வேலை. அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார். பக்கத்து வீட்டில் இவளைப்போலவே கண் சரியாகத் தெரியாத ஒரு பெண் குழந்தை இருந்ததாம். இப்படித்தான் பள்ளியில் எழுதிக் கொடுத்தார்களாம். தூரத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டார்களாம்.

"வருசத்துக்கு ரெண்டு தடவைதான் வீட்டுக்கு வருது டீச்சர். ஒவ்வொரு தடவையும் விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு. நான் இவள அனுப்ப மாட்டேன். படிக்காட்டியும் பரவாயில்ல."

டீச்சர் படிவத்தை எடுத்து ஒரு கட்டத்தைக் காட்டினார். அதே பள்ளியில், அதே வகுப்பில் தொடர வேண்டும் என்று அச்சிட்டிருந்த இடம் அது.

"இங்க டிக் போட்டிருக்கேம்மா. பிள்ளைய அனுப்பறதுக்கு இல்ல இது. புத்தகத்த இங்க வரவழைக்கிறதுக்கு. ஆனா டாக்டர் சீட்டு ஒண்ணு வேணும்."

தாய் நெடுநேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் கண் டாக்டர் எழுதியது. கண்ணாடியால் பாதிதான் சரியாகும், எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வேண்டுமென்றால் கிழித்துப் போடலாம், வேண்டுமென்றால் கொடுக்கலாம் என்று முடிவு செய்யாமலே கொண்டுவந்திருந்தார்.

டீச்சர் குறிப்புப் பகுதியில் நான்கு வரி எழுதினார். ஒரே கதையை எல்லாரும் கேட்கும்படி வரிசையாக வாசிக்க வைத்தது என் தவறு. கொடுத்த மதிப்பெண்கள் இந்த மாணவியின் நினைவாற்றலுக்கு உரியவை, வாசிப்புக்கு உரியவை அல்ல. கையெழுத்துப் போட்டார். பெரிய டீச்சர் இரண்டு முறை படித்தார். பெருமூச்சு விட்டார். கீழே தாமும் கையெழுத்துப் போட்டு, இன்னொரு வரியைச் சேர்த்தார்: இந்தத் தேர்வு முறை எல்லா வகுப்புகளிலும் மாற்றப்படும்.

மாற்றினார்கள். மூன்று வெவ்வேறு கதைகள், படிக்கட்டுக்கு அடியிலிருந்த வரைபட அறையில் குலுக்கல் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தனியே. வகுப்பின் மதிப்பெண் சரிந்தது. பன்னிரண்டாம் எண் பழைய மதிப்பெண்ணையே வாங்கினான். அவன் எப்போதும் தன் கண்ணால்தான் தப்பாகப் படித்திருக்கிறான். நல்லாசிரியர் பட்டியலில் வேறொருவர் பெயர் போயிற்று. ஒரு குழந்தையைச் சரியாகப் பார்த்ததற்கு இவ்வளவுதானா விலை என்று டீச்சர் ஆறுதல் அடைந்தார் என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு நாள் அவருக்கு மனம் வலித்தது. பிறகு சரியாகிவிட்டது.

புத்தகங்கள் இரண்டு மாதம் கழித்து வந்தன. அடுத்த பருவத்தில் ரேடியோ வரைபட அறைக்கு வந்தாள். மூக்கில் கண்ணாடி, மேசையில் சாய்பலகை, அதன்மேல் விரல் பருமனில் எழுத்துகள். காணாமல் போன ஒரு சாவியைப் பற்றிய கதை. அவளுக்கு முன்னால் யாரும் அவள் காதுபட அதைப் படித்ததில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். ஒரு சொல்லில் தடுக்கி, பின்னால் போய், மறுபடி வந்தாள். நிமிடம் முடிந்தபோது பதினேழு சொற்கள் ஆகியிருந்தன.

"என்ன மார்க் டீச்சர்?"

டீச்சர் சற்றுத் தயங்கி, "சி" என்றார்.

"அம்மா கேட்டா?"

"நான் சொல்லிக்கிறேன்."

அவள் தலையாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. விரல் இன்னும் பதினேழாவது சொல்லுக்குக் கீழேதான் இருந்தது.

"மிச்சத்தையும் படிக்கட்டுமா டீச்சர்? சாவி கிடைச்சுதான்னு தெரியல."

வெளியே பதினோரு பிள்ளைகள் காத்திருந்தார்கள். டீச்சர் கதவைத் திறந்து, அவர்களைக் கொஞ்ச நேரம் விளையாடச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் பதினெட்டாவது சொல்லைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.